பத்து ரூபா நோட்டும் ஒரு காட்டர் பின்னும்

டிஸ்கி: நான் மெக்கானிக் கிடையாது. வாரத்துல ஆறு நாள் ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு, ஞாயித்துக்கிழமை மட்டும் ஸ்பேனர் புடிக்கற சாதி. கீழே வர்ற கணக்கெல்லாம் என்னோட 2007 மாடல் ஸ்ப்ளெண்டருக்கு. உங்க வண்டிக்கு உங்க வண்டியோட மேனுவல்தான் வேதம். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது, சொல்லிட்டேன் :-)

என் வண்டியோட சைடு பாக்ஸைத் திறந்தா ரெண்டு ஸ்பேனர், கொஞ்சம் பனியன் வேஸ்ட், அதோட பால் கவர்ல சுத்தின ஒரு சின்ன நோட்டு இருக்கும். பெட்டிக்கடையில பத்து ரூபாய்க்கு வாங்கினது. ஒரு தடவை நண்பர் ஒருத்தர் அதைப் பார்த்துட்டு, "என்னய்யா, கடன் கணக்கா?"ன்னு கேட்டார். ஒரு விதத்துல கடன்தான். எங்கம்மாவுக்கு நான் பட்ட கடன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க மக்களே.

2014, ஒரு ஞாயித்துக்கிழமை. பின் பிரேக் ஷூ தேஞ்சு போச்சு. கடைக்குப் போனா அரை நாள் போயிடும், நாமே மாத்திடுவோம்னு உக்காந்தேன். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை மாத்தியிருக்கேன், அந்தத் திமிர் வேற. ஸ்ப்ளெண்டர்ல இது பெரிய வேலையே இல்லை. பிரேக் ராடு நட்டைக் கழட்டணும், ஸ்டாப்பர் ஆர்ம் நட்டைக் கழட்டணும், ஆக்ஸிலை உருவணும், வீல் கையோட வந்துடும். செயினைத் தொடவே வேணாம். பழைய ஷூவை எடுத்துட்டு, டிரம்மைத் துடைச்சுட்டு, புது ஷூவைப் போட்டு, வீலைத் திருப்பி மாட்டிட்டேன். நாப்பது நிமிஷம்.

ஸ்டாப்பர் ஆர்ம் நட்டைக் கையால சுத்திட்டு இருக்கும்போது உள்ளேருந்து தங்கமணி குரல். சொந்தக்காரங்க வந்துட்டாங்க. ஸ்பேனர் போட்டு ஒரு இழு இழுத்துட்டு கையைக் கழுவப் போயிட்டேன். சாப்பாடு, அரட்டை, தூக்கம். சாயங்காலம் வண்டியை எடுத்து ஒரு ரவுண்டு போனேன். பிரேக் சும்மா கத்தி மாதிரி புடிச்சுது. எனக்கு நானே முதுகுல தட்டிக்கிட்டேன். அடுத்த நாலு நாளும் அதுலதான் ஆபீஸ் போனேன். ஒரு குறையும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில தம்பி அம்மாவைக் கூட்டிக்கிட்டு சமயபுரம் கிளம்பினான். ஸ்ரீரங்கத்துல இருந்து கொள்ளிடம் பாலம் தாண்டி, நம்பர் ஒன் டோல்கேட் வழியா போகணும். டோல்கேட் கிட்ட கூட்டம், வேகத்தைக் குறைக்க பிரேக்கை அழுத்தியிருக்கான். இருபது இருபத்தஞ்சு வேகம்தான் இருக்கும். "கடக்"னு ஒரு சத்தம், பின் வீல் அப்படியே பூட்டிக்கிச்சு. வண்டி குறுக்கே திரும்பி ரெண்டு பேரும் கீழ. பின்னாடி வந்த பஸ் டிரைவர் எப்படியோ நிறுத்திட்டார். அவர் யாருன்னே தெரியாது, ஆனா அவரை நான் நினைக்காத வெள்ளிக்கிழமை இல்லை.

தம்பிக்கு முழங்கையில சிராய்ப்பு. அம்மாவுக்கு இடது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

வண்டியை எங்க ஏரியா மெக்கானிக் பாய் கடைக்குத் தள்ளிட்டு வந்தாங்க. நானும் போனேன். பாய் குனிஞ்சு ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டலை. "நட்டு போட்டிருக்கீங்க தம்பி, காட்டர் பின் போடலையே"ன்னு மட்டும் சொன்னார்.

பின் எங்க? வீட்டுக்கு வந்து தேடினேன். வாசல் திண்ணை ஓரத்துல, வேஸ்ட் துணிக்கு அடியில கிடந்தது. ஒண்ணே கால் இன்ச் கம்பி. கடையில கேட்டா சும்மாவே குடுப்பாங்க.

அந்தப் பின்னுக்கு என்ன வேலைன்னு தெரியாதவங்களுக்காக: பிரேக் அழுத்தும்போது ஷூ டிரம்மைக் கவ்வும். டிரம் வீலோட சேர்ந்து சுத்திக்கிட்டு இருக்கு இல்லையா, அதனால ஷூ இருக்கற தட்டும் கூடவே சுத்தப் பார்க்கும். அதைச் சுத்த விடாம வண்டியோட சேர்த்துப் புடிச்சுக்கறதுதான் ஸ்டாப்பர் ஆர்ம்ங்கற அந்த இரும்புப் பட்டை. அதோட நட்டு அதிர்வுல கழண்டு போகாம காக்கறது காட்டர் பின். நட்டு விழுந்தா போல்ட் வெளியே வரும், பட்டை விடும், தட்டு வீலோட சேர்ந்து சுத்தும். சுத்தும்போது பிரேக் ராடையும் பின்னாடி இழுக்கும். ராடை இழுத்தா பிரேக் இன்னும் இறுகும். அதாவது நீங்க காலை எடுத்தாலும் பிரேக் விடாது. அவ்ளோதான் கதை.

அன்னிக்கு பாய் கடையில ஒண்ணு கவனிச்சேன். அவர் பக்கத்துல ஒரு பெயிண்ட் டப்பா மூடி. கழட்டற ஒவ்வொரு சாமானும் நேரா அந்த மூடிக்குள்ள போகுது. ஃபோன் அடிக்குது, கஸ்டமர் கூப்பிடறார், டீ வருது, மனுஷன் அசையலை. கேட்டதுக்கு, "மூடி காலியாகாம எந்திரிக்க மாட்டேன் தம்பி. ஞாபகத்தை நம்பி முப்பது வருஷம் கடை நடத்த முடியுமா?"ன்னார்.

நாமெல்லாம் மேனுவல் படிச்சவங்க, நெட்ல தேடறவங்க. எந்த நட்டு எவ்வளவு டைட்னு கேட்டா புள்ளிவிவரமா சொல்லுவோம். எனக்கு அன்னிக்கு அறிவுல குறை இல்லை மக்களே. காட்டர் பின் போடணும்னு எனக்கு நல்லாவே தெரியும். போட்டேனா இல்லையான்னு தெரியாததுதான் பிரச்சினை. அதுக்குத்தான் இந்த நோட்டு.

நோட்டை ரெண்டு பக்கத்துல இருந்தும் ஆரம்பிச்சிருக்கேன். முன்பக்கம் வண்டியோட கணக்கு. பின்பக்கம் என்னோட கணக்கு.

முன்பக்கம்:

1. டயர்: ரெண்டும் 2.75-18. காத்து முன்னாடி 25, பின்னாடி தனியா போனா 28. ரெண்டு பேர் போனா பின்னாடி இன்னும் கூட வேணும், எவ்வளவுன்னு மேனுவல்ல பார்த்து எழுதிக்கோங்க. காலையில டயர் சூடாகறதுக்கு முன்னாடி பார்க்கணும். பழைய மேனுவல்ல 1.75 கிலோன்னு போட்டிருந்தா பயப்படாதீங்க, கிலோவை 14.2 ஆல பெருக்கினா நம்ம பஞ்சர் கடை கணக்கு வந்துடும். புது டயர் வாங்கும்போது பக்கவாட்டுல நாலு இலக்கம் பாருங்க. 2319னு இருந்தா 2019வது வருஷம் 23வது வாரம் செஞ்சது. கடைக்காரர் "புது ஸ்டாக் சார்"னு சொன்னா அந்த நாலு இலக்கம் பேசும்.

2. இன்ஜின் ஆயில்: 10டபிள்யூ30, 900 மி.லி. பாட்டில். டப்பாவுல ஜாசோ எம்ஏன்னு போட்டிருக்கணும். நம்ம பைக்ல கிளட்ச்சும் அதே ஆயில்லதான் ஊறிக்கிட்டு இருக்கு. மிச்சம் இருக்கேன்னு கார் ஆயிலை ஊத்தினா கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சுடலாம். பழைய ஆயில் இறக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் வண்டியை ஓடவிடுங்க, சூட்டுல நல்லா இறங்கும். புதுசு ஊத்திட்டு அளவுகுச்சியைத் துடைச்சு உள்ள விடும்போது மரையில திருகக்கூடாது, சும்மா வச்சு எடுத்துப் பார்க்கணும். திருகிப் பார்த்து "ஆயில் இருக்கே"ன்னு ரெண்டு மாசம் ஏமாந்தவன் சொல்றேன். நான் 3000 கி.மீ.க்கு ஒரு தடவை மாத்தறேன்.

3. பிளக்: கழட்ட 16 சைஸ் பாக்ஸ் ஸ்பேனர். இடைவெளி பிளக்கைப் பொறுத்தது. சி7எச்எஸ்ஏ மாதிரி பழைய வகைக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. என்ஜிகே பிளக் நம்பர் கடைசியில 9னு முடிஞ்சா 0.9 வரைக்கும். நுனி காப்பித்தூள் கலர்ல இருந்தா நல்லா எரியுதுன்னு அர்த்தம். கரி மாதிரி கறுப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, இல்லேன்னா ஏர் ஃபில்டர் அடைப்பு. வெள்ளையா வெளுத்திருந்தா பெட்ரோல் பத்தலை, இன்ஜின் சூடாகுது, உடனே கவனிக்கணும். மாட்டும்போது முதல் நாலஞ்சு சுத்து கையாலதான். ஸ்பேனரோட ஆரம்பிச்சா மரை போயிடும், அப்புறம் சொந்த செலவில் சூனியம்.

4. பிளே: கிளட்ச் லீவர் நுனியில 10 முதல் 20 மி.மீ. ஆடணும். பின் பிரேக் பெடல் 20 முதல் 30. ஆக்ஸிலேட்டர் 2 முதல் 6. கிளட்ச்சுல பிளே சுத்தமா இல்லேன்னா கிளட்ச் பாதி புடிச்ச மாதிரியே ஓடும், பிளேட் சீக்கிரம் தேஞ்சுடும்.

5. செயின்: கவர் நடுவுல இருக்கற ரப்பர் மூடியை எடுத்து விரலால தூக்கிப் பாருங்க. மேலயும் கீழயும் சேர்த்து சுமாரா ஒரு இன்ச் ஆடினா என் வண்டிக்கு சரி. ஒரு இடத்துல பார்த்துட்டு நிறுத்தக்கூடாது. வீலைச் சுத்தி நாலு இடத்துல பாருங்க. செயின் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தேயாது. ரொம்ப டைட்டா இருக்கற இடத்தை வச்சுத்தான் அளவு வைக்கணும். ரெண்டு பக்கமும் அட்ஜஸ்டர் கோடு ஒரே எண்ணிக்கையில இருக்கான்னும் பார்க்கணும், இல்லேன்னா வீல் கோணலா நிக்கும்.

6. பிரேக் ஷூ: பிரேக்கை முழுசா அழுத்திட்டு பிரேக் தட்டுல பாருங்க. ஒரு அம்புக்குறியும் ஒரு கோடும் இருக்கும். ரெண்டும் நேருக்கு நேர் வந்துட்டா ஷூ ஆயுசு முடிஞ்சுதுன்னு அர்த்தம். வீலைக் கழட்டாமலே தெரிஞ்சுக்கலாம். டிரம்ல இருக்கற தூசியை வாயால ஊதாதீங்க, நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால துடைங்க.

7. நட்டு போல்ட்: 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 ஸ்பேனர். அதோட டைட் சுமாரா 10 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாதவங்களுக்குச் சொல்லணும்னா, போல்ட்டுல இருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி ஸ்பேனரைப் புடிச்சு பத்து கிலோ கனத்தைத் தூக்கற அளவு இழுத்தா போதும். நாமெல்லாம் அதுக்கு மூணு மடங்கு இழுக்கறோம். 8 மி.மீ. போல்ட்டுக்கு 22 வரைக்கும் போகலாம். இன்ஜின் உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. சண்டை வந்தா தோக்கறது யாருன்னு சொல்லணுமா?

8. ஸ்டார் ஸ்க்ரூ: ஜப்பான் வழி வந்த வண்டிகள்ல இருக்கற ஸ்டார் ஸ்க்ரூ தலை, நம்ம வீட்டு ஸ்டார் டிரைவருக்கு அச்சா பொருந்தாது. அந்தத் தலை ஜேஐஎஸ்னு ஜப்பான் அளவு. சாதாரண டிரைவர் போட்டு மல்லுக்கட்டினா தலை வழுவழுன்னு ஆயிடும். ஜேஐஎஸ் டிரைவர் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா நிறைய கெட்ட வார்த்தை மிச்சம்.

இதெல்லாம் எல்லாருக்கும் கிடைக்கற தகவல்தான். நோட்டோட உயிர் பின்பக்கத்துலதான் இருக்கு.

பின்பக்கம் கோடு போட்டு ஆறு கட்டம். தேதி, கி.மீ., என்ன வேலை, கழட்டின சாமான் எத்தனை, மாட்டியாச்சா, 50 கி.மீ. கழிச்சுப் பார்த்தாச்சா.

ஒரு சாம்பிள்: 14-7-2019, ஞாயிறு. பின் பிரேக் ஷூ. சாமான் 9. ஆக்ஸில், ஆக்ஸில் நட்டு, ஸ்பேசர், ஸ்டாப்பர் ஆர்ம் நட்டு, வாஷர், காட்டர் பின், பிரேக் ராடு நட்டு, ஸ்பிரிங், ராடு நுனியில வர்ற உருளை. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல டிக். கடைசி கட்டத்துல 18-7ன்னு தேதி.

சாமானைக் கழட்டும்போதே எழுதிடணும். அப்புறம் எழுதிக்கலாம்னா அது எழுதாத கணக்குதான். கை முழுக்க கிரீஸா இருக்கும், நோட்டு அழுக்காகும், ஆகட்டும். என் நோட்டுல பாதிப் பக்கம் விரல் ரேகைதான். டிக் எல்லாம் விழுந்து, பாய் மாதிரி மூடியும் காலியானாத்தான் எந்திரிக்கறது. இடையில யார் கூப்பிட்டாலும், "நாலு டிக் பாக்கி இருக்கு, வர்றேன்"னு குரல் குடுத்துடுவேன். ஆரம்பத்துல தங்கமணி முறைச்சாங்க. இப்ப அவங்களே வந்தவங்க கிட்ட, "டிக் போட்டுட்டு இருக்கார், உக்காருங்க"ன்னு சொல்லிடறாங்க.

அந்த 50 கி.மீ. கட்டம் எதுக்குன்னா, புதுசா மாட்டின நட்டு ஓடின பிறகுதான் தன் குணத்தைக் காட்டும். நான் நாலு நாள் ஓட்டினேன் பாருங்க, அந்த நாலு நாள்ல ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருந்தா போதும்.

இன்னொரு பக்கத்துல பெட்ரோல் கணக்கு. டேங்க் நிறைய ஒரு தடவை, அடுத்து நிறைக்கும்போது எத்தனை லிட்டர், நடுவுல எத்தனை கி.மீ. வகுத்தா மைலேஜ். கஞ்சத்தனம்னு நினைக்காதீங்க, இது வண்டியோட நாடி. 60க்கு மேல குடுத்துக்கிட்டு இருந்த வண்டி 2017ல வரிசையா 52, 51, 50ன்னு இறங்குச்சு. ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் தெரியலை. சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் வீலை மேலே தூக்கிச் சுத்திவிட்டேன், அரைச் சுத்துல நின்னுடுச்சு. பிரேக் கேபிள் உள்ளே துரு ஏறி, விட்ட பிறகும் ஷூ டிரம்மை உரசிக்கிட்டே இருந்திருக்கு. கணக்கு எழுதலைன்னா டிரம் சூடாகி நாறின பிறகுதான் தெரிஞ்சிருக்கும்.

காலத்துக்கேத்த ரெண்டு விஷயமும் சேர்த்துடறேன். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்த பிறகு ஸ்ப்ளெண்டர் உள்பட நிறைய வண்டி ஃப்யூயல் இஞ்செக்‌ஷனுக்கு மாறிடுச்சு. அதுல காபுரேட்டர் ஸ்க்ரூவைத் திருகற நம்ம பழைய வித்தை செல்லாது. இன்ஜின் விளக்கு எரிஞ்சா கடைக்குத்தான் போகணும். வயரை வெட்டி ஒட்டற வேலை வேணவே வேணாம். ஆனா டயர், செயின், பிரேக், பிளே எல்லாம் அதே கதைதான். இன்னொண்ணு, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இப்ப பரவலாயிடுச்சு. என்னை மாதிரி கிழட்டு வண்டி வச்சிருக்கறவங்க பெட்ரோல் டியூபை அடிக்கடி வளைச்சுப் பாருங்க. வெடிப்போ கொழகொழப்போ இருந்தா மாத்திடுங்க. வண்டியை மாசக்கணக்குல நிறுத்தறதா இருந்தா காபுரேட்டர் அடியில இருக்கற ஸ்க்ரூவைத் திருகி பெட்ரோலை வடிச்சுட்டு நிறுத்துங்க. பக்கத்துல பீடி சிகரெட் ஆளுங்க இல்லாம பார்த்துக்கோங்க.

நோட்டோட கடைசி அட்டையில, தொடக்கூடாத வேலைன்னு ஒரு பட்டியலும் இருக்கு. இன்ஜின் உள்ளே, கிளட்ச் பிளேட், முன் ஃபோர்க், இதெல்லாம் பாய்க்கு. அதோட கடைசி வரி: அவசரமா இருக்கற அன்னிக்கு பிரேக், வீல் பக்கம் கை வைக்காதே. எல்லா வேலையையும் நாமே செய்யறதுல ஒரு பெருமையும் இல்லை. செஞ்ச வேலையை முழுசா முடிக்கறதுலதான் இருக்கு.

அம்மா கதையைப் பாதியில விட்டுட்டேன். மாவுக்கட்டு போட்டுட்டு வந்த அன்னிக்கு ராத்திரி பக்கத்துல உக்காந்து சொல்லிட்டேன். "வண்டி மேல தப்பு இல்லம்மா, தம்பி மேலயும் இல்ல. நான்தான் ஒரு பின்னை மாட்டாம விட்டுட்டேன்." அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "சரி விடுடா, இனிமே மாட்டு"ன்னாங்க. அவ்ளோதான். இன்னிக்கு வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை குத்திக் காட்டினதில்லை. ஆனா மழை நாள்ல சப்பாத்தி தேய்க்கும்போது இடது கையை ஒரு உதறு உதறிக்குவாங்க. அது போதும் எனக்கு.

போன மாசம் அம்மாவைக் கண் டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போகணும். ஆட்டோ கூப்பிடறேன்னேன். "எதுக்கு தண்டச் செலவு, வண்டியை எடு"ன்னுட்டாங்க. எடுத்தேன். ஏறறதுக்கு முன்னாடி பின் வீலை ஒரு பார்வை பார்த்தாங்க.

"எல்லா டிக்கும் போட்டியாடா?"

"போட்டாச்சும்மா."

ஏறி உக்காந்து என் தோளைப் புடிச்சுக்கிட்டாங்க. இடது கையாலதான்.

பி.கு: உங்க பின் வீல் பக்கம் ஒரு தடவை குனிஞ்சு, ஸ்டாப்பர் ஆர்ம் நட்டுல காட்டர் பின்னோ கிளிப்போ இருக்கான்னு பார்த்துடுங்க. டிரம் பிரேக் வண்டிக்காரங்க எல்லாருக்கும் சொல்றேன். பத்து செகண்டு வேலை.